பீரோவுக்குப் பக்கத்தில் நின்றவர்

நில அளவை அலுவலகத்தில் அவரைக் கம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். தூரத்தில் சர்வேயர் கருவிக்குள் ஒரு கண்ணை நுழைத்துப் பார்ப்பார். இந்தப் பக்கம் எண்கள் எழுதிய நீள அளவுகோலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார். இருபத்தாறு வருட உத்தியோகம். மூக்கில் ஈ உட்காரும், சுற்றிப் பார்க்கும், சலித்துப்போய்ப் பறந்துவிடும். இவர் அசைய மாட்டார். இதைத் திறமை என்பதா, நகர வேண்டும் என்று தோன்றாத நிலை என்பதா என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

அவருடைய பெருமை உத்தியோகத்தில் இல்லை. அப்பாவுக்குச் செல்லப் பிள்ளை தான்தான் என்பதில் இருந்தது. ஆதாரமாக நாற்பத்தொரு சிறுவயதுப் படங்கள் கைவசம் உண்டு. அக்காவுக்கு இரண்டே இரண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தில் கும்பலாக எடுத்தது. மற்றொன்றும் உண்மையில் இவர் படம்தான். ஓரத்தில் அவள் முழங்கை தெரியும். அப்பா கேமராவைத் தொட்டாலே என்னைத்தான் கூப்பிடுவார் என்று ஐம்பத்து மூன்று வயதிலும் போன் போட்டுச் சொல்லிக்காட்டுவார். அப்படி ஒரு முழங்கை உன் நாற்பத்தொன்றில் எங்கேயாவது இருக்கிறதா என்று அக்காவும் விடமாட்டாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குக் குறைதான். அது தெரிந்ததனால்தான் இவரும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு எண்பது பிறக்கப்போகிறது. அன்றைக்கு எல்லாப் படங்களையும் பெரிய திரையில் ஓடவிட்டு, ஒரு தகப்பனின் பாசம் என்ற தலைப்பில் பேசுவது என்று கம்பம் முடிவுகட்டியிருந்தார். பேச்சு எழுதி, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை கண்கலங்கியும் பார்த்தாயிற்று. படங்களைப் போனில் ஏற்றும் வேலை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி தலையில் விழுந்தது. அவள் துணி ஆலையில் நெய்த துணியில் பிசிறு தேடுகிறவள். எதையும் திருப்பிப் பார்க்காமல் மடித்து வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்னங்க, எல்லாத்துலயும் நீங்க ஓரமாவே நிக்கிறீங்க?"

கூச்ச சுபாவம் என்றார் கம்பம்.

நடுவில் எப்போதும் ஒரு பீரோவோ மேசையோ கட்டிலோ இருக்கிறதே என்றாள். ஒன்றில் இவர் ஃபிரிட்ஜுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அப்பா பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தவர், அவர் பிள்ளைக்குப் பின்னால் மலையும் அருவியுமா இருக்கும் என்று மடக்கினார் இவர். அவள் ஒரு படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து. உயரம் ஆறடி. அகலம் நாலடி.

"பாத்தியா? என் வளர்த்திய எப்படிக் குறிச்சு வச்சிருக்கார்."

"ஏழு வயசுல ஆறடியா இருந்தீங்களா?"

கம்பம் படத்தைப் பிடுங்கப் பார்த்தார்.

"அதுவும் நாலடி அகலத்துக்கு?" அவள் இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். "கீழ சிவப்பு மையில விற்றதுன்னு வேற எழுதியிருக்கு. அப்புறம் உங்கள யாரு திருப்பிக் கொண்டாந்து விட்டா?"

ஒருவன் தன்னைப்பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்குச் சாட்சி கேட்டால், பெரும்பாலும் அவனே வந்து நிற்பான். கம்பத்துக்கு அந்த வசதியும் போயிற்று. நாற்பத்தொன்றையும் திருப்பினார். நாற்பத்தொன்றிலும் அளவு. இது அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், ஏற்கெனவே அனுப்பிவிட்டேனே என்றாள் மனைவி.

இருபது நிமிடத்தில் அக்கா வாசலில் நின்றாள். சிரித்த சிரிப்பில் செருப்பைக் கழற்ற முடியவில்லை.

"டேய், நீ செல்லப் பிள்ளையே இல்லடா. இஞ்சு டேப்."

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கம்பம் படங்களை அள்ளிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனார். பின்னாலேயே அக்காவும் போனாள். என்னை எதற்காகப் படம் எடுத்தீர்கள் என்று நேராகவே கேட்டார். அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் கனிந்தது. கம்பம் கைக்குட்டையைத் தேடினார்.

"நல்ல தேக்கு," என்றார் அப்பா.

பிறகு விஷயத்துக்கு வந்தார். வெளியூர்க்காரர்களுக்குப் படம்தான் அனுப்புவது. பக்கத்தில் ஆள் நின்றால்தான் சாமானின் உயரம் பிடிபடும். மகள் வயதுக்கு மீறி நெட்டை. அவள் நின்றால் பீரோ பெட்டியாகிவிடும். மகன் குள்ளம், இவன் நின்றால் முக்காலிகூட மேசையாகிவிடும்.

"அப்ப பாசம்?" கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்தார். வாய் முந்திக்கொண்டது.

"பாசம் ரெண்டு பேர் மேலயும் ஒண்ணுதான். ஆனா இவ ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்கமாட்டா. நீ போதும்னு சொல்ற வரைக்கும் நிப்ப. ஒரு நாள் சொல்ல மறந்து சாப்பிடப் போயிட்டேன். சாப்பிட்டு, படுத்து எழுந்து வந்து பாத்தா, அங்கயே நின்னுட்டிருக்க."

தன்னை வளர்த்த விதம் என்ன என்று அந்த நிமிடத்தில் கம்பத்துக்கு ஓரளவு விளங்கியது. கோபப்படலாம் என்று தீர்மானித்து, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கே வந்தாள். இப்போதுதான் வியாபாரம் இல்லையே, நெட்டை குட்டை பார்க்க வேண்டாமே, எனக்கும் ஒன்று எடுங்கள் அப்பா என்று, அறையிலிருந்த பீரோவை ஒட்டிப் போய் நின்றாள். அப்பா போனைத் தூக்கினார். அவள் தலையைக் கோதினாள். படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தார், நன்றாக வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பேசிக்கொண்டே இருந்தாள். படத்தில் பீரோ தெளிவாக இருந்தது, பக்கத்தில் ஒரு புகை.

அப்பா பொறுமை இழந்தார். "நீ நவுரு. டேய், நீ போய் நில்லு."

கோபம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அதற்குள் கால்கள் போய்விட்டன. இடது ஓரம், கை பக்கவாட்டில், தாடை நிமிர்ந்து. அப்பா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முட்டியக் கொஞ்சம் மடக்குடா. பீரோ சின்னதாத் தெரியுது."

கம்பம் மடக்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. கதவருகே நின்றிருந்த தம்பி மனைவியிடம், "பாத்தியா, இப்பவும் அவனத்தான் எடுக்கறார்," என்றாள்.