ஆறு வரி வீம்பு

அலுவலகத்தில் அவளுக்கு வீம்புக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மருந்துக் குளிர்பெட்டிகளின் வெப்பத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவிக்கு அவள் டிரைவர் எழுதினாள். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கணினியின் அடிமடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய்க்கும் கெர்னலுக்கு, அந்தக் கருவியோடு பேசக் கற்றுத்தரும் நிரல். உலகமே பயன்படுத்தும் பொதுக் கெர்னலில் அது தன் பெயரோடு ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. பேராசை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

சோதனையில் பேட்டரி சீக்கிரமே செத்துப்போனது. தோண்டிப் பார்த்தால் தப்பு அவளுடையது. தூங்கும் கருவியை எழுப்பும்போது, ‘ஒருவர் பயன்படுத்துகிறார்’ என்று கெர்னல் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளும். எழுப்புவது தோற்றாலும் கூட்டியது கூட்டியதுதான். டிரைவர்தான் ஞாபகமாகக் கழிக்க வேண்டும். மறந்தால் கருவிக்கு அப்புறம் தூக்கமே கிடையாது. அந்த வரிகளைப் பழைய டிரைவர் ஒன்றிலிருந்து ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தாள். அதிலும் கழித்தலைக் காணோம். அதைப் பார்த்து எழுதிய மற்றவற்றிலும் காணோம்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுப்பு, தோற்றால் நீயே கழித்துவிடு என்று ஆறே வரியில், எந்த டிரைவரும் கூப்பிட்டு வேலை வாங்கக்கூடிய ஓர் உதவி ஃபங்ஷன் எழுதி, டிரைவரோடு சேர்த்து அனுப்பினாள்.

கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் பதில் போட்டார்: “டிரைவர் சரி. ஃபங்ஷன் வேண்டாம். ஒருவருக்காக மட்டும் பொது இடத்தில் எதையும் வைப்பதில்லை. எல்லாரையும் போல டிரைவருக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.”

மேனேஜருக்கு நிம்மதி. “ஃபங்ஷனைத் தூக்கிடும்மா. இந்த வாரமே உள்ள போயிடும்.”

“எல்லாரையும் போல எழுதித்தான் சார் எல்லாருமே தப்பு பண்ணியிருக்காங்க.”

“அதுக்கு நீ என்ன பண்ணுவே?”

“தூக்க மாட்டேன்.”

அன்றே அவர் டிரைவரைப் பிடுங்கிப் பக்கத்து மேஜைக்காரனிடம் கொடுத்தார்.

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம பண்ணிட்டியேடி!” என்று வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

ஒருவருக்காக மட்டும் வைக்க மாட்டாராமே? அதே தப்பு இருந்த டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, தன் ஃபங்ஷனைக் கொண்டு திருத்தினாள். அவற்றில் ஒன்று பராமரிப்பாளரே எழுதியது. அதை நடுவில் செருகி மறைக்கும் பவ்யம் எல்லாம் அவளுக்கு வராது. முதலில் வைத்து அனுப்பினாள்.

“முதலாவது என் தப்பு. எல்லாவற்றையும் ஏற்கிறேன்” என்று அவர் எழுதினார். மனுஷன்தான்.

அடுத்த வாரம் பக்கத்து மேஜைக்காரன் டிரைவரை அனுப்பினான். கழித்தல் இல்லாத அதே பழைய வரிகள். எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். கெர்னல் கடிதங்கள் எல்லாம் பொது மடற்குழுவில் போகும், உலகத்தில் யாரும் படிக்கலாம். அங்கேயே அவள் பதில் எழுதினாள்: “உதவி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். எழுதியவர் பெயர் தவறு. இதை எழுதியது நான். என் முந்தைய கடிதங்கள் இங்கேயே இருக்கின்றன.”

“இரண்டும் சரி. திருத்தாமல் ஏற்க மாட்டேன்” என்றார் பராமரிப்பாளர்.

மேனேஜர் முகம் சிவக்க அவள் மேஜைக்கு வந்தார். “ஊரே பாக்கற இடத்துல இப்படியாம்மா எழுதுவே?”

“ஊரே பாக்கும்னுதான் சார் அங்க எழுதினேன்.”