சம்பல் இடித்த கல்

வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் எதைக் கண்டாலும் என் கணவர் விடமாட்டார். ஊரை விட்டு வந்து ரெக்ஸ்டேல் அப்பாட்மென்றில் குடியேறிய எங்கள் முதல் கோடையில் அவர் கொண்டுவந்தது ஒரு கல். இரண்டு சாண் உயரம், தலையில் ஒரு குழி, பக்கத்தில் ஏதோ எழுத்து. யாழ்ப்பாணத்துக்காரிக்குக் குழியுள்ள கல் உரலாகத்தானே தெரியும்? கழுவிப்போட்டுத் தேங்காயும் மிளகாயும் போட்டுச் சம்பல் இடிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது எனக்கு ஐந்து மாதம். முந்தையது வயிற்றிலேயே கலைந்திருந்தது.

எதிர்க்கதவில் ஈராக்கியர் ஒருவர் தனியாக இருந்தார், கிறிஸ்தவர். இடிக்கிற சத்தம் பொறுக்காமல் ஒருநாள் சண்டைக்கு வந்தவர், கல்லைக் கண்டதும் குனிந்து எழுத்தைத் தடவிப் பார்த்தார். அது அரமேய எழுத்தாம், அவர்கள் வீட்டில் பேசும் மொழியின் பழைய எழுத்து. அந்தக் காலத்துக் கோயிலில் சாம்பிராணி எரித்த கல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் பாதிரியாரையும் கூட்டிவந்தார். பாதிரியார் விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து, என் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். மிச்சத்தை என் கணவரை வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"என்னவாம்?" என்று கணவரைப் பிடுங்கி எடுத்தேன்.

"இதை இடத்தை விட்டு எடுக்கிறவன்ர பிள்ளையள் அழிய வேணும் எண்டு கிடக்காம். நீர் உதுகளை நம்பாதையும்."

"எங்களை ஊரை விட்டுக் கலைச்சவங்களுக்கு ஒரு சாபமும் இல்லை. ஒரு கல்லை எடுத்ததுக்கு என்ர பிள்ளையோ?" என்று கத்தினேன். கத்திவிட்டு, குழியில் ஒட்டியிருந்த சம்பலைத் துடைத்தெடுத்தேன்.

எறியலாம் என்றார் கணவர். எறிவதற்கும் எடுக்கத்தானே வேண்டும்! மியூசியத்துக்குக் கொடுத்தாலும் அதே கதைதான். கல் மூலையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதன் குழியில் சாம்பிராணி போட்டேன். எந்தச் சாமியென்று தெரியாமல், "தெரியாமச் செய்தது, பொறுத்துக்கொள்" என்று தமிழிலேயே கும்பிட்டேன். பிள்ளை கொஞ்ச நேரம் துடிக்காவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

மகள் சுகமாகப் பிறந்தாள். பயம் போகவில்லை. அதற்குக் கைகால் முளைத்து வீடெல்லாம் ஓடித்திரிந்தது. காய்ச்சல் என்றால் கல்லைப் பார்ப்பேன், விழுந்து எழும்பினாலும் கல்லைத்தான் பார்ப்பேன்.

அவளுக்கு ஆறு வயதானபோது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினோம். சாமானெல்லாம் லொறியில் ஏறிவிட்டது, கல் மட்டும் மிச்சம். அவர் குனிந்தார்.

"தொடாதேங்கோ!"

"அப்ப ஆரப்பா எடுக்கிறது? வீட்டை ஒப்படைக்க வேணுமல்லோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியனுப்ப வந்து வாசலில் நின்ற ஈராக்கியர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பாசை விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே வந்து என் கணவரை மெல்ல விலக்கினார்.

"நான் எடுக்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில். "எனக்கு மூன்று பேர் இருந்தார்கள். யுத்தத்தில் மூன்று பேரும் போய்விட்டார்கள்."

இத்தனை வருடம் எதிர்க்கதவில் இருந்தும் அந்த மனிதரிடம் பிள்ளைகள் உண்டா என்று நாங்கள் கேட்டதேயில்லை. அவர் கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். என் மகள் ஓடிப்போய் அவருடைய கதவைத் திறந்து பிடித்தாள்.