கிணற்றுக்கு அடியில் எழும்பிய உப்பு

அணா போய் நயா பைசா வந்த புதிதில், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தேன். சுண்ணாம்பு உள்ளங்கையைத் தின்று பொத்தல் விழுந்ததால் கொஞ்ச நாள் குழியில் இறங்க முடியவில்லை. கிணறுகள் ஏன் உப்பாகிக்கொண்டே வருகின்றன என்று பார்க்க வேலூரிலிருந்து ஓர் இன்ஜினீயர் அப்போது வந்திருந்தார். மேஸ்திரி என்னை அவரோடு அனுப்பிவிட்டார்.

கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளந்தோம். பிறகு அவர் ஒரு பெரிய தாளில், பூமியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் படம் வரைந்தார். ஒரு பக்கம் பாலாறு, மறுபக்கம் கம்பெனி, நடுவில் எங்கள் தெருக் கிணறு. படம் முழுக்கச் சின்னக் கட்டங்கள். அளந்த இடங்களில் மட்டும் நிஜமான எண், மற்றதெல்லாம் உத்தேசம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டி, நாலால் வகுத்து, பழையதை அடித்துவிட்டு எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் பக்கத்துக் கட்டம் தப்பாகிவிடும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதே வேலைதான். அதற்கு நான் படித்த ஐந்தாம் வகுப்பு போதும் என்றார். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

தொல்லை என்னவென்றால், மண்ணுக்குள் இருந்தது இரண்டு தண்ணீர். தோல் ஊறிய உப்புத் தண்ணீர் கனமானது. மணலுக்குள் இறங்கி அடியில் தங்கிவிடும். நல்ல தண்ணீர் அதன்மேல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்று தெரியாது. உத்தேசமாக ஒரு கோடு போட்டு, கட்டங்களை நிரப்பி, கோட்டின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக வருகிறதா என்று பார்ப்பார். வராது. கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவார். நான் மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்குவேன்.

கடைசியில் கோடு நின்றது. எங்கள் கிணற்றுக்கு நேர் அடியில் மட்டும் அது கறையான் புற்றுப்போல எழும்பியிருந்தது.

"மேல இறைக்க இறைக்க உப்பு ஏறும். ஆழம் மட்டும் தோண்டிடாதீங்க, நீங்களே போய் அதைத் தொட்டுடுவீங்க" என்றார்.

அந்தக் கோடையில் கிணறு அடியோடு வற்றப் பார்த்தது. தண்ணீர் இறங்கினால் தெருவே கூடி இன்னும் ஓர் ஆள் மட்டம் வெட்டுவது எங்கள் வழக்கம். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆற்று ஊற்றுவரை குடம் சுமக்கக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். கை ஆறி, நானும் மறுபடி பகலெல்லாம் குழியில் இருந்தேன்.

கடப்பாரையோடு கூடியிருந்தவர்களிடம் போய், கட்டத்தையும் கோட்டையும் பற்றிச் சொல்லி, "வாணாம்பா. வெட்னா உப்பு வந்துடும். கம்மியா எறைச்சா கொஞ்ச நாள் தாங்கும்" என்றேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"பூமிக்குள்ள பூந்து பாத்துட்டு வந்தியா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். "கோட்ட அழிச்சிட்டு இன்னும் கீழ போட்டுக்கயேன், ரப்பர் இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கம்மியாவா? எந்த வூடு தண்ணியில்லாம கெடக்கறது? அத்தயும் உன் கட்டத்துல போட்டுப் பாத்தியா?"

அதற்குக் கட்டம் இல்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெட்டினார்கள். முதலில் இனிப்பாகத்தான் வந்தது. கூப்பிட்டு ஒரு சொம்பு கொடுத்தார்கள். "குடி, கணக்கப்புள்ள." குடித்தேன். கணக்கு பொய்யாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் பருப்பு வேகவில்லை. பிறகு மாடுகூட முகம் திருப்பியது.

என் மனைவி ஆற்றுக்கு நடந்தாள். குடத்தோடு கரை ஏறும்போது சறுக்கி விழுந்தாள். மாசம் நிறையாமல் பிறந்த குழந்தை அழவே இல்லை.

இன்ஜினீயர் திரும்ப வந்து கிணற்றுக்குள் பாட்டில் இறக்கித் தண்ணீர் எடுத்து, உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். எங்கள் வாசலில் நின்று தாளை விரித்து, "கோடு போட்ட இடத்துலயே நிக்குது பாருங்க!" என்றார். அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது.

அவர் போனதும், உள்ளே படுத்திருந்தவள் கேட்டாள்: "அது திரும்ப எறங்குமா?"

"எறைக்கறத நிறுத்துனா எறங்குமாம். ஏறுன மாதிரி சீக்கிரமா எறங்காதாம். வருஷக்கணக்கா ஆவும்னாரு."

அவள் எழுந்து குடத்தை எடுத்தாள்.

"நீ படு, நான் போறேன்."

"ஊத்தாண்ட எல்லாம் பொம்பளைங்க. நீ வாயத் தெறந்து எடம் கேப்பியா?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனாள்.