ரெண்டாம் நம்பர் பூத்தின்ரை ராசி

கொமினிகேஷன் கடையிலை ரெலிபோன் நம்பர் அடிச்சுக் குடுக்கிறது சின்ன வேலை, வாற சனத்தோடை நியாயம் கதைக்கிறதுதான் பெரிய வேலை! யுத்த காலத்திலை கொழும்பு வெள்ளவத்தையிலை வெளிநாட்டுக் கோல் எடுத்துக் குடுத்த ஆரைக் கேட்டாலும் தலையிலை கை வைப்பினம். லண்டனிலை இருக்கிற அண்ணர் என்னைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விசா சரிவருமட்டும் நானும் அப்பிடி ஒரு கடையிலை நிண்டனான்.

ராசி

எங்களிட்டை ரெண்டு பூத். ஒருநாள் ரெண்டாம் நம்பருக்குள்ளை நிண்ட பெட்டை ஒருத்தி, "ஸ்பொன்சர் சரிவந்திட்டுது!" எண்டு கத்தினாள். அவ்வளவுதான்! அண்டையிலையிருந்து முழுச் சனமும் அதுக்குத்தான் வரிசை. ஒண்டாம் நம்பருக்குள்ளை ஈயும் இலையானும்தான் ஃபான் காத்து வாங்கிச்சுது.

வரிசையிலை முதல் ஆள் பக்கத்து லொட்ஜ் பரிமளம் அன்ரி. ஒரே மகனை ஏஜென்ற் மூலம் கனடாவுக்கு அனுப்பிப்போட்டு, மாதக்கணக்கா ஒரு சேதியும் இல்லாமல் தவிக்கிற மனிசி. கனடாவிலை இருக்கிற தன்ரை தம்பிக்கு எடுத்து எடுத்துக் கேப்பா, எங்கடை கடை நம்பரையும் அவரிட்டைக் குடுத்து வைச்சிருந்தா. "அன்ரி, எல்லாரும் அதிலை கதைச்சால் நல்ல சேதியும் அதிலைதானே வரும்? போன கிழமை ஒரு வாத்தியாருக்கு விசா இல்லையெண்டு சொன்னதும் அதே பூத்திலைதான்" எண்டன். அன்ரி அசையேல்லை.

"அது வாத்தியாற்றை பலன் தம்பி, பூத் என்ன செய்யும்?"

கெட்டிக்கார ஏஜென்ற்

அந்த ஏஜென்றிலை அன்ரிக்கு அப்பிடியொரு நம்பிக்கை. அவன் அனுப்பின ஆக்கள் எல்லாரும் போய்ச் சேந்திட்டினமாம், எங்கடை கடையிலையே எத்தினையோ தாய்மார் சொன்னவையாம். போய்ச் சேந்தவன்தானே கோல் எடுப்பான், சேராதவன் எங்கையிருந்து எடுக்கிறது எண்டு கேட்டிட்டன். அன்ரி உடனை திருப்பிக் கேட்டா.

"மகன் போய்ச் சேராத ஒரு தாயைக் காட்டும் பாப்பம்!"

அப்பிடியொரு தாய் எனக்கு முன்னாலையே நிக்கிறா; நான் குனிஞ்சு பில் புத்தகத்தைப் பிரட்டினன்.

மணி அடிச்சுது

மழைக்கு ரெண்டாம் நம்பர் லைன் செத்துப்போச்சு. திருத்துமட்டும் இருக்கிறன் எண்டு அன்ரி வாங்கிலை குந்திக்கொண்டா. அந்த நேரம் பாத்து ஒண்டாம் நம்பர் அடிக்குது! எடுத்தால், "அண்ணை, பரிமளம் எண்டு எங்கடை அம்மா, அங்கை நிக்கிறாவோ?" ஐயோ, மகன்! "அன்ரி, ஓடி வாங்கோ!" எண்டு நான் கத்த, மனிசி பூத் வாசலிலை நிண்டுகொண்டு, "ரெண்டிலை எடுக்கச் சொல்லும் தம்பி!" எண்டுறா. கையிலை பிடிச்சு இழுத்து உள்ளுக்கு விட்டன்.

"ரொறொன்ரோவிலை நிக்கிறானாம்!" வெள்ளவத்தை முழுக்கக் கேட்டிருக்கும். கடையே துள்ளிச்சுது. மேசையிலை அடிச்சு நானும் கத்தினன், சந்தோசத்திலை கண் கலங்கிப்போச்சு. அன்ரி முகத்தைத் துடைச்சுக்கொண்டு வெளியிலை வந்து, வாங்கிலை இருந்த எல்லாரையும் பாத்துச் சொன்னா:

"நான் அப்பவே சொன்னனான், ஒண்டாம் நம்பர்தான் ராசி எண்டு!"

இவ்வளவு நியாயம் கதைச்ச நான், ரெண்டாம் நம்பரைத் திருத்தி அது சும்மா கிடக்கேக்கையும், லண்டன் அண்ணரிட்டை என்ரை சேதி கேக்க ஒண்டாம் நம்பர் வரிசையிலைதான் போய் நிண்டனான்.