என்னை வீட்டுக்குப் போகவிடாத மருமகள்

நெஞ்சுவலி எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பல வருடங்களாகப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவைக்கிற விளையாட்டு டீச்சர் நான். லிங்கராஜபுரத்தில் எங்கள் திருச்சபையில் பெஞ்சு நகர்த்த ஆள் வேண்டுமென்றால்கூட முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன நவம்பர் மாதம், பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தின சனிக்கிழமை. காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நெஞ்சின் நடுவில் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இடது கை தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போனது. ஈரப் புடவை கையிலிருந்து நழுவி விழுந்ததே எனக்குத் தெரியவில்லை.

கீழே வந்து வெந்நீர் குடித்தேன். வலி போகவில்லை. மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மருமகள் காவ்யா மட்டும் வீட்டில் இருந்தாள். துமகூருக் கன்னடப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழ் எங்கள் வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டாள். வெறும் வாயுதான், பயப்படாதே என்று அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“அத்தே, ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம்தான். ஆனா அத டாக்டர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.”

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நன்றாகவே இருந்தது. முதல் இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. டியூட்டி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்குமாம். அசிடிட்டியால் வலிக்கலாம், தசை பிடித்திருக்கலாம், மனப்பதற்றத்தாலும் வரலாம். ஆனால் இருதயக் கோளாறு இல்லை என்று உறுதியாகும்வரை இருதயக் கோளாறு என்றே வைத்துப் பார்க்க வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்போம் என்றார்.

கழுத்து நரம்புதான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முந்தின நாள் பள்ளியில் ஹை ஜம்ப் மெத்தையைத் தூக்கியது ஞாபகம் வந்தது. வலியும் குறைந்திருந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். ஆனால் செருப்பில் கால் நுழையவில்லை. பயம். இத்தனை வருடம் நான் நம்பிய உடம்பு என்னைக் கைவிட்டதுபோல் இருந்தது. கண்ணை மூடி ஒரே ஒரு ஜெபம் செய்தேன். “ஆண்டவரே, நான் போகக் கூடாதென்றால் நீரே என்னைத் தடுத்துவிடும்.”

கண்ணைத் திறந்தபோது காவ்யா என் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டாவது டெஸ்ட் வர்ற வரைக்கும் நாம போகல, அத்தே.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குமேல் பேச இடமும் வைக்கவில்லை. நான் படுத்துக்கொண்டேன். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது பரிசோதனையில் இருதயம் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அன்றே ஆஞ்சியோகிராம் செய்தார்கள். முக்கியமான இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

இன்று உங்கள் முன் நிற்கிறேன். மைதானத்துக்கும் திரும்பிவிட்டேன். மெத்தையை மட்டும் பிள்ளைகள் என்னைத் தூக்கவிடுவதில்லை. வாயு என்று சொல்லிச் சுருண்டு படுக்கிற சகோதரிகளை இப்போது நான் விடுவதில்லை. இரண்டு பேரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒருவருக்குக் கழுத்து நரம்பு, இன்னொருவருக்கு அசிடிட்டி. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தோம்.

பிரியமானவர்களே, நெஞ்சு வலித்தால், கை மரத்தால், ஜெபியுங்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். யார் மூலமாகப் பதில் தருவார் என்று நமக்குத் தெரியாது. எனக்குத் தந்த பதில் அதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பெருமையோடு சொல்கிறேன், அவள் என் மருமகள்.