முதலில் கண்

ராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் ஒரு மாதம் எனக்கு அறையும் சாப்பாடும் இலவசம். பதிலுக்குக் கீழே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஓவியம். என்ன வரைவது என்பது என் இஷ்டம் என்றுதான் பேச்சு. ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்து சாப்பிடும் மில் தொழிலாளிப் பெண்ணை வரைகிறேன்.

இன்று மத்தியானம் லாட்ஜ் முதலாளி வெள்ளையடிப்பவரோடு வந்து நிற்கிறார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்த வரைவீங்கன்னுல்ல நெனச்சேன். மில்லுக்காரியப் பாத்துக்கிட்டு எவன் சோறு திம்பான்? அழிச்சிருவோம்."

"கோபுரம்தான் எல்லாக் காலண்டர்லயும் தொங்குதே" என்கிறேன்.

வெள்ளையடிப்பவர் சுண்ணாம்பு வாளியை இறக்கி வைத்துப் படத்தை உற்றுப் பார்க்கிறார். "கண்ணு இன்னும் தொறக்கல. அடிச்சிரலாம் மொதலாளி."

கண் வைத்தால் உருவத்துக்கு உயிர் வந்துவிடும் என்பார்கள். அதனால் கண்ணைக் கடைசியில்தான் வைப்போம். நான் மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, வாய்கூட வரையாத முகத்தில் இரண்டு கண்களையும் திறக்கிறேன். அவள் நேரே கல்லாவைப் பார்க்கிறாள்.

வெள்ளையடிப்பவர் வாளியைத் தூக்கிக்கொள்கிறார். "இனிமே நான் இதுல சுண்ணாம்பு மட்டைய வைக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"ஏலே, அது என்ன சாமியா?"

"யாரா இருந்தா என்ன, பாக்குதுல்ல?"

முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பாமல், கல்லா மேசையை வேறு பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார். நான் அவள் வாய்க்கு நிறம் குழைக்கிறேன்.