பின்பக்கத்து இரண்டு குழாய்கள்

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில் இன்றைக்கும் ஓடுகிற அரிசி ஆலை நான் நிறுவியது. அறுவடை மெஷினை எங்கள் வாய்க்கால் கரையில் முதன்முதலாக இறக்கியவன் நான். ஊரே வரப்பில் நின்று சிரித்தது, அடுத்த அறுப்புக்கு ஊரே என் வாசலில் நின்றது. கல்யாண மண்டபம் என்னுடையது. மஸ்கட் வெயிலில் கம்பி கட்டி, முதுகுத் தோல் இரண்டு தடவை உரிந்து, அப்புறம்தான் மச்சு வீட்டில் படுத்தேன். தம்பட்டம் அடிக்கிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற அளவுக்கு இருக்கிறது, அடிக்கிறேன். இதிலிருந்த எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தித் தந்தாள். விஷயத்தில் கைவைக்க விடவில்லை.

பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி. அதுவும் நான் கட்டியதுதான்.

போன மாதம் அதை இடித்தார்கள். அன்றைக்குப் பள்ளியில் ஒரு கூட்டம். பிள்ளைகள் சாதி பார்த்து ஒருவரையொருவர் ஒதுக்காமல், அடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசுவதற்குப் புதிதாக வந்த தலைமை ஆசிரியை ஊரை அழைத்திருந்தார். நான் அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முன்னாள் தலைவன் அல்லவா, முன்வரிசை நாற்காலி கைவிட்டுப் போய்விடக் கூடாது.

தொட்டியின் ஒரு சுவர் விழுந்து கிடந்தது. ஈரப் பாசியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த ஒரு வாசனை. சுவருக்குள்ளிருந்து பைப்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. வேலை எடுத்திருந்த காண்டிராக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"எந்தக் கொத்தனாருங்கய்யா இத கட்டுனது? முன்னாடி நாலு குழாய்க்கும் பைப்பு அடியில இருக்கு. பின்னாடி ரெண்டுக்கு மட்டும் இடுப்பு உசரத்துல சொருகியிருக்காரு. மட்டம் தெரியாத ஆளா?"

மட்டம் தெரிந்த ஆள்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. "பழைய வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தாலே எனக்கு மஸ்கட் கேம்ப்தான். வராந்தாவில் ஒரு வாட்டர் கூலர், அதில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே எவர்சில்வர் தம்ளர். பாகிஸ்தான் பட்டாணியன் குடிப்பான், மலையாளி குடிப்பான், நாகூர் பாய் குடிப்பார், நான் குடிப்பேன். எனக்குப் பிறகு மாரியப்பன் குடிப்பார்; பல நாள் அவருக்குப் பிறகு நான். நாலு வருசம். உடம்புக்கு ஒன்றும் வந்துவிடவில்லை.

மாரியப்பன் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர். அவருடைய அப்பா எங்கள் தெரு வயல்களில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். ஊரில் எங்கள் தெரு வழியாக மாரியப்பன் போனால் செருப்பு கையில் இருக்கும். அதே ஆள் மஸ்கட்டில் என் கட்டிலுக்கு மேல் கட்டில். அந்த நாளில் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. இது பேத்தி திருத்தியதில்லை.

ஊரில் என்னை 'ஐயா' என்றவர், அங்கே இறங்கிய மறுவாரமே 'அண்ணே' என்றார். எனக்கும் அது உறுத்தவில்லை. உறுத்த முடியாது, ஏனென்றால் என் கடிதங்களை எழுதியவரே அவர்தான். அப்போது எனக்குக் கையெழுத்துப் போட வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான்; எழுதப் பழகியது பின்னால் ஆலைக் கணக்கு வைத்துத்தான். மாரியப்பன் ஒன்பதாவது வரை படித்தவர். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல என் மனைவிக்கு எழுதுவார். வெட்கத்தில் நான் சொல்லாமல் விட்டதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுவார். ஊருக்கு வந்தபோது மனைவி அந்த வரிகளைத்தான் சொல்லிச் சிரித்தாள். என் எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம். நானும் மறுக்கவில்லை.

என் கடிதம் முடிந்ததும் தன் மகள் வளர்மதிக்கு ஒன்று எழுதுவார். "மதிப் புள்ளைய டீச்சருக்குப் படிக்க வெச்சிரணும்ண்ணே. அதுக்குத்தான் இந்த வெயிலு" என்பார்.

நான் முதலில் ஊர் திரும்பினேன். கையில் ஒரு டேப்ரிக்கார்டர், தலையில் ஏகப்பட்ட திமிர். என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆக்கினார்கள். பள்ளியில் அப்போது நீலப் பிளாஸ்டிக் டிரம்தான். ஆயா மொண்டு ஊற்றுவாள், பிள்ளைகள் கையேந்திக் குடிக்கும். இது என்ன கேவலம், நான் தொட்டி கட்டித் தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் டீக்கடையில் எங்கள் தெருப் பெரியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே குழாயிலா வாய் வைக்கும் என்று கேட்டார்கள். எனக்கு மஸ்கட் தம்ளர் ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது. விழுங்கிவிட்டேன். முன்னால் நாலு குழாய், பின்னால் இரண்டு என்று கொத்தனாரிடம் சொன்னேன். முன்பக்கக் குழாய்கள் தாழ்வாரத்தைப் பார்த்து. பின்பக்கம் வேலியும் முள்ளும். யாருக்கு எது என்று எழுதிப் போடவில்லை. எழுதிப் போடாமலே விளங்கிக்கொள்கிற ஊர்.

கொத்தனார் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முன்னால் தண்ணீர் வேகம் குறையக் கூடாது என்று நான் சொன்னதால், பின்பக்கத்துப் பைப்பை மேலே போட வேண்டியிருந்தது.

"பாதித் தொட்டி ஆயிட்டா பின்னாடி வராதுங்களே" என்றார்.

"முன்னாடி வந்தாப் போதும்."

சொன்னது நான்தான். அந்த வாய் இதே வாய்தான்.

தொட்டி வந்த மூன்றாம் வருசம், பொங்கல் கழித்துப் பள்ளி திறந்த வாரம். காலையிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. மத்தியானம் பின்பக்கக் குழாயில் காற்றுதான் வந்தது. காலனிப் பிள்ளைகளுக்கு அது பழக்கம். வீட்டுக்குப் போய்க் குடிப்பார்கள், இல்லாவிட்டால் சும்மா இருப்பார்கள். அன்று வளர்மதி சும்மா இருக்கவில்லை. பத்தாம் வகுப்பு; அரையாண்டில் அவள்தான் முதல் மதிப்பெண். முன்பக்கம் வந்து குழாயைத் திறந்து இரண்டு கையையும் ஏந்திக் குனிந்தாள்.

என் மூத்த மகன் அதே வகுப்பு. அரையாண்டில் நாலு பாடத்தில் கோட்டை விட்டவன். பின்னாலிருந்து வந்து அவள் சடையைப் பிடித்து, முகத்தைப் பித்தளைக் குழாயில் மோதினான். ஒரு தடவை அல்ல. முன்பல் இரண்டு போய், உதடு கிழிந்து தையல் போட்டார்கள். இன்னும் இரண்டு பையன்கள் அவள் புத்தகப் பையை முள்வேலியில் வீசினார்கள். மோதும்போது என் மகன் சொன்னதை ஆயா வந்து என்னிடம் சொன்னாள். "எங்கப்பா கட்டுன தொட்டிடீ. ஒனக்குப் பின்னாடிதான்."

இதைக் கேட்டு எனக்கு உடனே கோபம் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. என் பிள்ளை என் பெயரைச் சொல்லி அடித்திருக்கிறான் என்பதில் மனசின் ஏதோ ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது. இதை எழுதும்போது பேத்தியை அறையை விட்டு அனுப்பிவிட்டேன்.

அப்போது எங்கள் கடைத்தெருவில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் புதுசு. அன்று சாயங்காலமே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மஸ்கட் கேம்புக்குப் போன் போட்டேன். மாரியப்பன் ஓடி வந்து எடுத்தார். மதி பள்ளிக்கூடப் படியில் விழுந்து பல் உடைந்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பசங்கள் கேலி செய்கிறார்கள், பேசாமல் டி.சி. வாங்கித் தஞ்சாவூரில் சேர்த்துவிடலாம், இடம் நான் பார்க்கிறேன் என்றேன். 

"நீங்க இருக்கையில எனக்கென்னண்ணே. நீங்க பாத்துச் செஞ்சா சரி."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு மறுநாள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். அவர் கும்பகோணம் பக்கத்து ஆள், ஒல்லி, வெற்றிலை போடுவார். போலீசுக்கும் கல்வி அதிகாரிக்கும் இரண்டு தாள் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். உங்களுக்கு நாளைக்கு மாற்றல் வந்தால் போய்விடுவீர்கள் சார், நாங்கள்தான் இங்கே கிடக்க வேண்டும், ஊர் இரண்டுபடும், பெண்ணுக்கு டி.சி. கொடுத்தால் முடிந்தது என்றேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"பத்தாவது பரீட்சைக்கு இங்கேருந்து பேர் போயாச்சுங்க. இப்ப டி.சி. குடுத்தா அந்தப் பொண்ணு இந்த வருசம் எழுத முடியாது."

"அடுத்த வருசம் எழுதட்டும்."

வெளியே புங்க மரத்தடியில் வளர்மதி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தது அவள் அம்மா. என் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பரிச்ச வரைக்கும் மட்டும் இருக்கட்டுங்கய்யா. முன்னாடிக் கொழாப் பக்கமே வர மாட்டா. நான் வூட்லேருந்து தண்ணி குடுத்து அனுப்புறேன்."

அவள் புருசனிடம் பேசிவிட்டேன், அவனே சரி என்று சொல்லிவிட்டான் என்றேன். அந்தப் பெண்பிள்ளை நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.  தலைமை ஆசிரியர் எழுதிய இரண்டு தாளையும் நானே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டி.சி.யில் அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, பிரச்சினையை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் முடித்துவிட்டேன் என்று டீக்கடையில் சொன்னேன். சிந்திய ரத்தம் கணக்கிலேயே வரவில்லை.

தஞ்சாவூரில் நான் இடம் எதுவும் பார்க்கவில்லை. நாற்று, உரம், ஆலை வேலை என்று நாள் ஓடியது. சித்திரையில் வளர்மதி சித்தியோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் மகன் பரீட்சை எழுதினான், தேறவில்லை. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். அந்தப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறான்.

ஆடி மாதம் மாரியப்பன் லீவில் வந்தார். என் வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றார். செருப்பு கையில். உள்ளே வா மாரியப்பா என்றேன். வரவில்லை.

"படியில விழுந்துட்டான்னு சொன்னீங்க. நான் நம்புனேங்கய்யா. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

'ஐயா' என்றார். செருப்பைக் கையில் பிடித்தபடியே திரும்பி நடந்தார். அந்த வருசமே வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போனார்கள். அந்தக் கூரை இரண்டு மழைக்குத் தாங்கியது. இன்று அந்த இடத்தில் கருவேலம். என்னை 'அண்ணே' என்று கூப்பிட அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. பள்ளியிலும் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் அதிகம். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் வேனில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகின்றன, என் பேத்தியும்தான். சேர்ந்து குடிக்கவும் ஆளில்லை, சேர்ந்து குடிக்காதே என்று சொல்லவும் ஆளில்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். புதுத் தலைமை ஆசிரியை நன்றாகவே பேசினார். பிறகு எங்கள் வார்டு மெம்பர் எழுந்தார். இதே பள்ளியில் முன்பு ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார், அடிபட்ட பெண்ணுக்கு நியாயம் செய்யாமல் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்தார், அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருந்ததால்தான் இந்த நிலைமை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். காலனியிலிருந்து வந்திருந்தவர்களும் ஆட்டினார்கள். அந்தக் காலத்திலும் இதே பேச்சுதான். அதற்காகவே அந்தத் தலைமை ஆசிரியரைக் கடலோரத்துக்கு மாற்றினார்கள். இரண்டு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். வழியனுப்பு விழாவில் பொன்னாடை போர்த்தியது நான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டார். இப்போது உயிரோடு இல்லை என்கிறார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் கழுத்து வலித்தது.

ஆகவே ஊராருக்கும் அந்த மெம்பருக்கும் இதை எழுதுகிறேன். என் உழைப்பில் இன்னொருவன் பெயர் போட்டுக்கொள்ள நான் விட்டதில்லை. ஆலைக்கு விட்டதில்லை, மண்டபத்துக்கு விட்டதில்லை. இதற்கு மட்டும் இத்தனை வருசம் விட்டு வைத்திருந்தேன். அந்தப் பெண்ணைப் பள்ளியை விட்டு அனுப்பியது அந்த மனிதர் அல்ல. குழாயைப் பிரித்து வைக்கச் சொன்னவன், பிள்ளையை வளர்த்தவன், பொய் சொன்னவன், தாளை மடித்துப் பையில் வைத்தவன், எல்லாம் நான். இனிமேல் அந்தக் கதையைச் சொன்னால் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள். நான் உயிரோடு இருக்கும்போதே, என் காதில் விழும்படி சொல்லுங்கள்.